ஆறடி நிலம்

நேற்றுக் காலை ஆறு மணிக்கு ஒரு கையில் வாளியும் மறு கையில் செயின் ஸ்பிரேயுமாக வீட்டை மூன்று முறை சுற்றி வந்தேன். மூன்றாவது சுற்றில் அம்மா சன்னல் வழியாக எட்டிப் பார்த்து, எதைத் தொலைத்துவிட்டுத் தேடுகிறாய் என்று கேட்டார். இடத்தை, என்றேன். பைக்கைக் கழுவிச் செயினுக்கு எண்ணெய் போட ஆறடிக்கு மூன்றடி இடம் போதும். எல்லோருக்கும் கடைசியில் எப்படியும் கிடைத்துவிடும் அந்த அளவு நிலம், உயிரோடு இருக்கும்போது, அதுவும் சொந்த வீட்டிலேயே, எனக்கு மட்டும் கிடைப்பதாக இல்லை.

உண்மையில் எனக்கு இரண்டு இடங்கள் வேண்டும். கழுவும் இடத்துக்கும் எண்ணெய் போடும் இடத்துக்கும் ஏழாம் பொருத்தம். கழுவுவதற்குத் தண்ணீர் தேங்காமல் ஓடும் சரிவு வேண்டும். நிழலும் வேண்டும், ஏனென்றால் வெயிலில் ஷாம்பு நுரை துடைப்பதற்குள் காய்ந்து, டேங்கின் மேல் தேமல் போலப் படிந்துவிடும். செயினுக்கோ, சென்டர் ஸ்டாண்டில் ஏற்றிப் பின்சக்கரத்தைக் கையால் சுற்றும்போது வண்டி ஆடாத சமதளம் வேண்டும். ஈரமும் புழுதியும் அண்டக் கூடாது. எண்ணெய்ப் பிசுக்கில் மண் ஒட்டிக்கொண்டால் அது அரம் போல வேலை செய்து, செயின் மாட்டி ஓடும் பற்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டின் பல்லைத் தின்றுவிடும் என்று நான் வீட்டில் பலமுறை விளக்கியிருக்கிறேன். ஒருவரும் கலங்கியதாகத் தெரியவில்லை.

வாசலில் சரிவு இருக்கிறது. ஆனால் அங்கே ஆலோசனையும் இருக்கிறது. நடைப்பயிற்சிக்குப் போகிறவர்களில் ஒருவர் மண்ணெண்ணெய் என்பார், அடுத்தவர் டீசல் என்பார், மூன்றாமவர் நின்று, வண்டிக்குத் தண்ணீரே ஆகாது என்று அரை மணி நேரம் பேசிவிட்டுப் போவார். மரத்தடியில் நிழல் இருக்கிறது. ஆனால் கழுவக் கழுவ மேலிருந்து பறவைகள் தங்கள் கருத்தைப் பதிவு செய்துகொண்டே இருக்கும். சுவரோரச் சந்தில் வண்டியை விட்டால் செயின் இருக்கும் பக்கம் சுவரைப் பார்த்து நின்றுவிடும். அந்தப் பக்கம் போவதற்கு நான் வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்வழியாக வர வேண்டும், வந்தாலும் குனிய முடியாது. கொல்லைப்புறத்தைப் பற்றிப் பேசவே கூடாது. சென்ற ஆண்டு அங்கே சங்கிலியைத் துலக்கும்போது பிரஷ்ஷிலிருந்து தெறித்த பன்னிரண்டு கரும்புள்ளிகள் கொடியில் காய்ந்த பள்ளிச் சட்டையின் மேல் விழுந்தன. அந்த வழக்கில் இன்னும் தீர்ப்பு வரவில்லை. வாய்தா மட்டும் வந்துகொண்டிருக்கிறது.

கடைசியில் கேட் ஓரத்தில் கழுவிவிட்டு, போர்டிகோவில் எண்ணெய் போடுவதென்று முடிவு செய்தேன். கழுவியதில் குறையில்லை. எஞ்சின் ஆறும்வரை காத்திருந்தேன். சைலன்சர் வாயில் துணியை அடைத்தேன். சக்கர பேரிங்கின் மேல் குழாயை நேராகப் பீய்ச்சவில்லை. அடைத்த துணியை மறக்காமல் எடுத்தேன். பிறகு கேட்டிலிருந்து போர்டிகோ வரை பதினைந்து அடி மண்தரையில் வண்டியைத் தள்ளினேன். ஈரச் சக்கரம் வழியில் இருந்த மண்ணையெல்லாம் வாரி எடுத்துக்கொண்டு வந்து சேர்ந்தது. சக்கரத்தை மறுபடியும் துடைத்தேன். இதைப் பற்றி மேலும் சொல்ல விரும்பவில்லை.

போர்டிகோ அருமையான இடம். சமதளம், கூரை, வெளிச்சம் எல்லாம் உண்டு. அடியில் செய்தித்தாளை விரித்து, பழைய பல் பிரஷ்ஷை மண்ணெண்ணெயில் நனைத்துத் தேய்த்தபோது, 500 கிலோமீட்டர் அழுக்கு மைக்கூழ் போல வழிந்து, இணைப்பு இணைப்பாகச் செயினின் உண்மையான நிறம் வெளிவந்தது. துணியால் துடைத்து உலரவிட்டு, கியரை நியூட்ரலில் வைத்து, ஒரு கையால் சக்கரத்தைப் பின்னோக்கிச் சுற்றிக்கொண்டே செயினின் கீழ்வரிசையில் உட்புறமாக ஸ்பிரேயை அடித்தேன். உட்புறம் அடித்தால்தான் வண்டி ஓடும்போது எண்ணெய் வெளிப்பக்கம் தள்ளப்பட்டு ரோலர்களுக்குள் இறங்கும். எஞ்சினை ஓடவிட்டுக் கியரில் சுற்றவைத்து எண்ணெய் போடுகிறவர்களும் உண்டு. பத்து விரல் அவர்களுக்கு அதிகம் போலும்.

அந்த நேரம் பார்த்துக் காற்று வந்து செய்தித்தாளைத் தூக்கியது. ஒரே ஒரு சொட்டு, நாணயம் அளவுதான், வெளிர்நிற டைல்ஸ் மேல் விழுந்தது. அப்படியே விட்டிருக்கலாம். துணியால் துடைத்தேன், தட்டு அளவானது. சோப்புப் போட்டுத் தேய்த்தேன், தாம்பாளம் அளவானது. அப்போது மனைவி வெளியே வந்தாள். டைல்ஸைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டாள். திட்டியிருந்தால் பத்து நிமிடத்தில் முடிந்திருக்கும். மாலை வரை கரண்டிகளும் கதவுகளும் மட்டும் பேசின.

பரண் மேல் எங்கள் வாஷிங் மெஷின் வந்த அட்டைப்பெட்டி நான்கு ஆண்டுகளாக இருக்கிறது. தூக்கிப் போடலாம் என்று நான் சொன்னபோதெல்லாம், வீடு மாற்றினால் தேவைப்படும் என்று அவள் அதைக் காப்பாற்றி வந்தாள். அதன் பொருட்டு நாங்கள் போட்ட சண்டைகளை அந்தப் பெட்டிக்குள் வைத்தால் பெட்டி கொள்ளாது.

இன்று காலை வாசற்கதவைத் திறந்தேன். போர்டிகோவில் அந்தப் பெட்டி நான்கு ஓரமும் வெட்டப்பட்டு, வண்டி நீளத்துக்கு விரிக்கப்பட்டு, காற்றுக்குப் பறக்காதபடி மூலைக்கு ஒரு செங்கல் வைக்கப்பட்டிருந்தது. நேற்றைய கறை இருந்த இடம் அடியில் மறைந்திருந்தது. அட்டையின் நடுவில், இந்தப் பக்கம் மேலே இருக்க வேண்டும் என்பதற்கான அம்புக்குறி கேட்டைப் பார்த்தபடி இருந்தது. நான் வண்டியையும் அதே திசை பார்க்க நிறுத்தினேன்.