சிஸ்டருக்காக எழுதிய கடிதம்

அப்பாவுக்கு முதலில் தோன்றியது சேலைதான். புறக்கோட்டையில் நல்ல பட்டாக ஒன்று எடுத்து, வைத்தியசாலையில் தன்னைக் கவனிக்கும் பொறுப்புத் தாதியான சிஸ்டரிடம் நன்றியாகக் கொடுத்துவிட வேண்டும் என்றார். ஆமர் வீதி இரும்புக் கடையொன்றில் 30 ஆண்டுகள் கணக்கு எழுதியவர் அவர். பட்ட கடன் பேரேட்டில் நிற்பது அவருக்குப் பிடிக்காது. சேலை போன வேகத்தில் பையோடு திரும்பி வந்தது. "நான் அரசாங்கச் சம்பளம் வாங்குகிறேன், தாத்தே. இது வேண்டாம்" என்று சொல்லிவிட்டாராம்.

அந்தத் 'தாத்தே'வுக்கே ஒரு கதை உண்டு. சிங்களத்தில் தாத்தா என்றால் அப்பா. அது தெரியாத அப்பா, முதல் நாளில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். 63 வயதில் தாத்தாவா? பக்கத்துக் கட்டிலில் இருந்த மாளிகாவத்தை முஸ்லிம் நானாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "எங்கள் வீட்டில் தாத்தா என்றால் அக்கா!" என்று சொல்லிக் கையை அசைத்ததில் அவருடைய இரத்தச் சுத்திகரிப்பு இயந்திரம் அலறத் தொடங்கியது. சிஸ்டர் ஓடி வந்து முதலில் ஊசியைப் பார்த்தார், பிறகு இருவரையும் முறைத்தார்.

கொழும்பின் அரசாங்க வைத்தியசாலை ஒன்றில் சிறுநீரகம் செயலிழந்த அப்பாவுக்கு வாரம் இரண்டு தடவை இரத்தச் சுத்திகரிப்பு (டயாலிசிஸ்) நடக்கிறது, ஒவ்வொரு தடவையும் நான்கு மணி நேரம். கொட்டாஞ்சேனையிலிருந்து ஓட்டோவில் போய், வெளி வாங்கில் காத்திருந்து, களைத்த மனிதரைத் திரும்பக் கூட்டி வருவது என் வேலை. அந்த வாங்கில் உட்கார்ந்திருந்தபோதுதான் சுவரில் இருந்த பெட்டி கண்ணில் பட்டது. 'முறைப்பாடுகள்' என்று மூன்று மொழியிலும் எழுதியிருந்தது. நன்றாக வேலை செய்கிறவரைப் பற்றிச் சொல்ல எங்கே போவது என்று ஒரு சிற்றூழியரிடம் கேட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில், அதையும் முறைப்பாடு என்றே நினைத்திருப்பார் போலிருந்தது.

மே 12, சர்வதேச தாதியர் தினத்தையொட்டி ஒரு சங்கம் விருது வழங்குவதாகவும், நோயாளிகளும் பரிந்துரைக்கலாம் என்றும் தாதியருக்குத் தலைவியான மேட்ரனின் அலுவலகத்தில் சொன்னார்கள். படிவம் தமிழில் இல்லை. தொலைபேசியில் கேட்டதற்கு, ஆங்கிலத்திலோ சிங்களத்திலோ நிரப்புங்கள் என்று மிக மரியாதையாகப் பதில் வந்தது. மரியாதைக்குக் குறைவில்லை. தமிழில் எழுதி, தங்கையின் மகளைக் கொண்டு மொழிபெயர்ப்பது என்று முடிவு செய்தேன்.

முதல் கடிதம் ஒரே இரவில் வந்துவிட்டது. எங்கள் ஒழுங்கையில் ஓய்வுபெற்ற தாதி ஒருவர் இருக்கிறார். பெருமையோடு அவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். மூக்குக் கண்ணாடியை மாட்டி முழுவதும் வாசித்துவிட்டுக் கேட்டார்:

"பிள்ளை, நீ யாரைப் பற்றி எழுதியிருக்கிறாய்? தாதியைப் பற்றியா, கொச்சிக்கடை புனித அந்தோனியாரைப் பற்றியா?"

கருணை, தாயுள்ளம், தேவதை, புன்னகை. எல்லாம் இருந்தன. அன்பான தாதி எந்த விடுதியிலும் இருப்பாள், சிறுநீரகப் பிரிவுக்கு இவர் என்ன செய்தார் என்பதல்லவா கேள்வி என்றார். தாதியத்தின் முன்னோடி புளோரன்ஸ் நைட்டிங்கேல் என்றதும் எல்லோருக்கும் விளக்குத்தான் நினைவுக்கு வருகிறது, ஆனால் கிரிமியாப் போரில் காயத்தால் செத்தவர்களைவிட நோயால் செத்தவர்களே அதிகம் என்று எண்ணிக் கணக்கெடுத்து, அதை 1858இல் வரைபடமாக அச்சிட்டுக் காட்டியவர் அவர் என்றும் சொன்னார். "போய்ப் பார்த்து எழுது." தேநீர்கூடத் தரவில்லை.

அதன்பின் மூன்று கிழமை ஒரு சீ.ஆர். கொப்பியோடு அந்த வாங்கில் உட்கார்ந்தேன்.

அதுவரை தெரியாத எத்தனையோ விஷயங்கள். ஒரு தடவைச் சுத்திகரிப்பில் குழாய்த் தண்ணீரைச் சுத்தம் செய்து கலக்கிய ஏறக்குறைய 120 லீட்டர் திரவம் ஒரு மெல்லிய சவ்வின் மறுபக்கமாக அப்பாவின் இரத்தத்தைக் கடந்து போகிறது. குழாய்த் தண்ணீரில் கிருமி கொல்லப் போடும் குளோரின், நாம் குடித்தால் ஒன்றும் செய்யாது. அந்தச் சவ்வைத் தாண்டினால் சிவப்பணுக்களை உடைத்துவிடும். அதனால் முதல் நோயாளி கட்டிலில் ஏறுமுன் தண்ணீரைச் சோதித்துப் பதிவேட்டில் எழுதிக் கையொப்பம் இட வேண்டும். கையொப்பம் இல்லாமல் ஓர் இயந்திரத்தையும் இயக்க விடமாட்டார் சிஸ்டர். ஒருநாள் அவசரத்தில் இருந்த வைத்தியருக்கும் அதே பதில்தான் கிடைத்தது.

ஒவ்வொரு நோயாளியின் கோவையிலும் ஒரு கையின் படம் இருந்தது. ஊசி இன்று எங்கே, போன தடவை எங்கே என்று புள்ளி வைத்திருந்தார்கள். ஒரே இடத்தில் குத்திக்கொண்டே இருந்தால் இரத்தக்குழாய் பலவீனப்பட்டுப் பலூன் போல வீங்கிவிடும். ஊசி ஏற்றுவதற்காக இரண்டு இரத்தக்குழாய்களைச் சேர்த்துக் கையில் ஓர் இணைப்புச் செய்திருக்கிறார்கள். காலையில் எழுந்ததும் அந்த இணைப்பின் மேல் விரல் வைத்துப் பார்க்க அப்பாவுக்குக் கற்றுக் கொடுத்தவரும் இவர்தான். பூனையின் வயிற்றில் கை வைத்தது போல ஓர் அதிர்வு தெரிய வேண்டும். அது நின்றிருந்தால் தேநீருக்குக்கூடக் காத்திராமல் புறப்பட்டு வர வேண்டும். அப்பா சாமி கும்பிடுவதற்கு முன் பூனையைத்தான் பார்க்கிறார்.

செவ்விளநீர், வாழைப்பழம் இரண்டிலும் பொட்டாசியம் கூட என்பதைச் சிஸ்டர் தன் கையாலேயே தமிழில் எழுதி ஒட்டியிருந்தார். 'வாளைப்பளம்' என்று இருந்தது. யாரும் திருத்தவில்லை. திருத்தினால் மனம் நொந்துபோவாரோ என்று நினைத்தோம். அந்தச் சீட்டைத்தான் எல்லோரும் நினைவில் வைத்திருந்தார்கள் என்பதும் உண்மை.

கடிதத்துக்கு உயிர் வந்தது சிஸ்டர் விடுமுறையில் இருந்த ஒரு செவ்வாய்க்கிழமை. அன்று ஆறு மாதமே வேலை பார்த்த ஒரு சின்னப் பெண் பொறுப்பில் இருந்தாள். தண்ணீர்ப் பதிவேட்டைப் பார்த்தாள், கையின் படத்தைத் திறந்தாள், அப்பாவை நிறுத்து எடையைச் சத்தமாக வாசித்தாள். கை கழுவாமல் கட்டிலை நெருங்கிய மூத்தவர் ஒருவரை, குரல் நடுங்கினாலும், நிறுத்தினாள். படிவத்தில் 'தலைமைத்துவம்' என்ற கட்டத்தை அதுவரை வெறுமையாக விட்டிருந்தேன். அந்தச் செவ்வாய்க்கிழமையை அப்படியே எழுதினேன், ஓர் உரிச்சொல்லும் சேர்க்காமல்.

மற்றவை அலைச்சல்தான். கிருமித்தொற்று எண்ணிக்கையைக் கேட்டேன். நோயாளிகளின் விவரம் வெளியே தர முடியாது என்றார் மேட்ரன். அவர் சொன்னது சரிதான். பரிந்துரைக்க இருவர் வேண்டும்: ஒரு வைத்தியர், அடுத்தது நம் நானா. அவர் தமிழில் எழுதி, கீழே சிங்களத்திலும் எழுதி, இரண்டிலும் கையொப்பமிட்டார். மேலதிகாரியின் ஒப்புதலுக்கு நான்கு தடவை போனேன். மூன்றாம் தடவை படிவமே காணாமல் போயிருந்தது. பிரதி எடுத்து வைத்திருந்தேன். கணக்கப்பிள்ளையின் மகள் அல்லவா?

கடைசியாகச் சிஸ்டரின் சம்மதம். அதை முதலிலேயே கேட்டிருக்க வேண்டும், நான் செய்த பெரிய பிழை அது. நின்றபடியே வாசித்தார். முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. அந்தச் சின்னப் பெண்ணைப் பற்றிய பகுதி வந்ததும் ஒரு தடவை மேலே பார்த்தார்.

"நங்கி, இவளுடைய பெயரையும் போடலாமா?" நங்கி என்றால் சிங்களத்தில் தங்கை.

போட்டோம். அதன் பிறகுதான் கையொப்பம் இட்டார்.

முதல் விருது வேறொருவருக்குப் போயிற்று. சிஸ்டருக்குப் பாராட்டுச் சான்றிதழ் வந்தது, பெயரில் ஓர் எழுத்துப் பிழையோடு. சுத்திகரிப்புப் பிரிவில் கேக் வெட்டினார்கள். அப்பா அன்று புதுச் சட்டை போட்டு வந்திருந்தார். குடிப்பதற்கெல்லாம் நாளுக்கு ஓர் அளவு அவருக்கு உண்டு, ஆனாலும் குளிர்பானக் கிளாசுக்காகக் கையை நீட்டினார். சிஸ்டர் போத்தலை வாங்கி, மருந்து அளக்கும் சின்னக் குவளையில் கோடு பார்த்து ஊற்றினார்.

"50 மில்லி லீட்டர், தாத்தே. இன்றைய கணக்கில் எழுதுங்கள்."

அப்பா சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார்.