பெட்டியோடு வாங்கிய வெள்ளிக் காசும் பெட்டியில்லாமல் வாங்கியதும்

பெட்டியோடு வந்த நான்கு வெள்ளிக் காசுக்கு 1,552 ரிங்கிட் கொடுத்தேன். அதில் மூன்றை விற்றபோது கைக்கு வந்தது 285 ரிங்கிட். நான்காவது காசு அம்மாவின் சாமி மேடையில் இருக்கிறது, அது ஏன் என்று பிறகு சொல்கிறேன். நடந்து இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, இன்னும் மனசு ஆறவில்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

மலேசியாவில் எங்கள் பக்கம் 'வெள்ளி' என்றாலே பணம். பத்து வெள்ளி, இருபது வெள்ளி என்றுதான் பேசுவோம். குழப்பம் வேண்டாம் என்பதற்காக இங்கே பணத்தை ரிங்கிட் என்றும் உலோகத்தை மட்டும் வெள்ளி என்றும் எழுதுகிறேன். 'ரிங்கிட்' என்ற சொல்லே அந்தக் காலத்து ஸ்பானிய வெள்ளி டாலரின் ரம்பம் போன்ற விளிம்பிலிருந்து வந்ததுதான்.

நான் சுங்கை சிப்புட்காரன். அப்பா அம்மா இரண்டு பேரும் ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர்கள், நான் செம்பனை எண்ணெய் ஆலையில் எடைமேடைக் கிராணி (எழுத்தர்). பெரிய தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்ற துண்டாடல் காலத்தில், அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் தொடங்கிய கூட்டுறவுச் சங்கத்தில் அப்பா பங்கு வாங்கியிருந்தார், எங்கள் வீட்டில் சேமிப்பு என்றால் அதுதான். 2021 தொடக்கத்தில் ஓவர்டைம் காசு கொஞ்சம் சேர்ந்தது. தங்கம் வாங்கலாம் என்று பார்த்தால் விலை எட்டவில்லை. அந்த பிப்ரவரியில் உலகம் முழுக்க வெள்ளி பற்றிய பேச்சு, அவுன்ஸ் 30 டாலரைத் தொட்டு இறங்கியிருந்தது. சரி, வெள்ளியே வாங்குவோம் என்று முடிவு செய்தேன்.

வாங்குவது மிகச் சுலபம். போன் செய்தேன், பணம் அனுப்பினேன், மூன்றாம் நாள் கூரியரில் வந்தது.

என்ன வாங்கினேன் என்பதில்தான் தவறு. ஒரு நிறுவனத்தின் ஏஜெண்டு போனில் அரை மணி நேரம் பேசினார். "அண்ணே, இது லிமிட்டட். உலகத்துக்கே ஐயாயிரம் பீஸ்தான். நம்பர் போட்ட சர்டிபிகேட் இருக்கு. அரசாங்கம் வெளியிட்ட காசு." கலர் அடித்த படம், கண்ணாடி மாதிரி பளபளக்கும் புரூஃப் காசு, வெல்வெட் பெட்டி. ஒரு அவுன்ஸ் காசு ஒன்று 388 ரிங்கிட். நான்கு வாங்கினேன். மிச்சப் பணத்துக்கு, ஆலையில் கூட வேலை செய்யும் நண்பர் சொன்னதைக் கேட்டு, வேறொரு கடையில் கனடா நாட்டு ஒரு அவுன்ஸ் வெள்ளிக் காசான மேப்பிள் லீஃப் ஐந்து வாங்கினேன். அது ஒன்று 138 ரிங்கிட். பெட்டி கிடையாது, சின்ன பிளாஸ்டிக் கேப்சூல் மட்டும். அப்போது அந்த ஐந்தும் எனக்கு இரண்டாம் தரமாகத்தான் தெரிந்தது.

அன்று நான் போட்டிருக்க வேண்டிய கணக்கு இது. வெள்ளி அவுன்ஸ் சுமார் 26 டாலர், ஒரு டாலர் 4 ரிங்கிட் 10 சென், ஆக உலோகத்தின் விலை ஏறக்குறைய 107 ரிங்கிட். அதற்கு மேல் கொடுப்பதெல்லாம் பிரீமியம். மேப்பிள் லீஃபுக்கு நான் கொடுத்த பிரீமியம் 31 ரிங்கிட், அதாவது 29 சதவிகிதம், அதுவே கொஞ்சம் அதிகம்தான். பெட்டிக் காசுக்குக் கொடுத்தது 281 ரிங்கிட். உலோகத்தின் விலையைப் போல இரண்டரை மடங்குக்கு மேல் பெட்டிக்கும் படத்துக்கும் நம்பருக்கும் போனது. தினமும் லாரி லாரியாகக் குலை எடை போட்டு, தரம் பார்த்து எழுதுகிறவன் நான். இந்தக் கணக்கை மட்டும் போடவில்லை.

இன்னொன்று. வெள்ளிக்குச் சொல்லும் அவுன்ஸ் டிராய் அவுன்ஸ், 31.1 கிராம். சமையல் தராசில் வரும் அவுன்ஸ் 28.35 கிராம்தான். விளம்பரத்தில் கிராம் போடாமல் அவுன்ஸ் என்று மட்டும் இருந்தால் எந்த அவுன்ஸ் என்று கேளுங்கள். சீனாவின் பாண்டா காசு 2016இலிருந்து 30 கிராமாகிவிட்டது, அதையும் பலர் ஒரு அவுன்ஸ் என்றே நினைத்து வாங்குகிறார்கள்.

2023 ஜூனில் மகளுக்குப் பாலிடெக்னிக்கில் இடம் கிடைத்தது. லேப்டாப்புக்கும் பதிவுக்கும் உடனே 1,800 ரிங்கிட் வேண்டும். காசுகளை எடுத்தேன்.

முதலில் ஈப்போ, லகாட் சாலை லிட்டில் இந்தியா. நகைக் கடைகளில் பழைய தங்கம் என்றால் உட்கார வைத்துப் பேசுகிறார்கள், வெள்ளிக் காசு என்றதும் முகமே மாறுகிறது. தங்கள் கடையில் வாங்கிய கொலுசாக இருந்தால் மாற்றித் தருவோம், காசு எடுப்பதில்லை என்றார்கள். இரண்டு அடகுக் கடையில் கேட்டேன், தங்கம் மட்டும்தான். கடைசியில் ஒரு ஆசாரி கையில் வாங்கிப் பார்த்து, "உருக்கித்தான் எடுப்பேன் தம்பி, கிராமுக்கு 2 ரிங்கிட் 20 சென்" என்றார். ஒரு காசுக்கு 68 ரிங்கிட். அவரைக் குறை சொல்ல மாட்டேன், அவர் தொழில் அது. ஆனால் 388 கொடுத்தவனுக்கு அந்த எண்ணைக் கேட்டதும் வயிறு கலங்கியது. அன்றைய நாள் வீண்.

அடுத்து, விற்ற நிறுவனத்திடமே போவோம் என்று ஈப்போவின் அமான்ஜெயா பஸ் நிலையத்தில் பஸ் ஏறி கோலாலம்பூர் போனேன். ஒரு நாள் லீவு, போகவரச் செலவு தனி. கவுண்டரில் இருந்த பெண் காசைத் தொடக்கூட இல்லை. "சர்டிபிகேட் எங்கே அண்ணே?" சான்றிதழ்கள் வீட்டு அலமாரியில். பெட்டியையும் காசையும் மட்டும் எடுத்துப் போயிருந்தேன். நம்பர் உங்கள் கணினியிலேயே இருக்குமே, ரசீது இருக்கிறதே என்று கேட்டேன். இல்லை, பெட்டி, கேப்சூல், சான்றிதழ் மூன்றும் இருந்தால்தான் பார்ப்போம் என்றார். வாங்கும்போது ஏஜெண்டு இதை ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன? போன் செய்தபோதும் "கொண்டு வாங்க, பார்க்கலாம்" என்றுதானே சொன்னார்கள். அங்கேயே நின்று கோபப்பட்டுப் பேசினேன், பலன் இல்லை. இரவு பதினோரு மணிக்கு வீடு வந்தேன்.

அடுத்த வாரம் எல்லாக் காகிதத்தோடும் மறுபடி போனேன். இந்த முறை அவர் விளக்கின் கீழ் வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். மூன்றாவது காசில் நிறுத்தினார். முகத்தில் மெல்லிய கோடுகள், வட்டம் வட்டமாக. இது துடைத்த காசு, எடுக்க முடியாது என்றார்.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. அம்மா. குத்துவிளக்கையும் வெள்ளிக் குங்குமச் சிமிழையும் விபூதி போட்டுத் தேய்ப்பது போல, ஒரு வெள்ளிக்கிழமை இந்தக் காசையும் கேப்சூலிலிருந்து எடுத்துத் தேய்த்திருக்கிறார். லட்சுமி மாதிரி இருக்கட்டும் என்றுதான் செய்தார். அந்தக் காசுதான் இப்போது அம்மாவின் சாமி மேடையில் இருக்கிறது. அம்மா மேல் எனக்குத் துளி வருத்தம் இல்லை. வெள்ளியை விபூதியால் துலக்குவது நம் வீடுகளில் தலைமுறையாக இருக்கும் பழக்கம். சேகரிப்புக் காசில் அதைச் செய்யக்கூடாது என்று நான்தான் வீட்டில் சொல்லியிருக்க வேண்டும். புரூஃப் காசின் கண்ணாடி முகத்தை மெல்லிய துணியால் துடைத்தால்கூடக் கீறல் விழும், அதன் மதிப்பே அந்த முகத்தில்தான் இருக்கிறது. தயவுசெய்து வீட்டில் எல்லோரிடமும் சொல்லி வையுங்கள்: விபூதி கூடாது, புளி கூடாது, பற்பசை கூடாது.

மற்ற மூன்றும் நன்றாக இருக்கிறது என்றார்கள். எவ்வளவு தருவீர்கள் என்று கேட்டேன். அப்போதுதான் தெரிந்தது, அவர்கள் திரும்ப வாங்குவதே இல்லை. நாம் கொடுத்துவிட்டு வர வேண்டும், அவர்கள் வாடிக்கையாளர் யாராவது வாங்கினால் 15 சதவிகிதம் கழித்துக்கொண்டு தருவார்கள், ஆறு மாதம் வரை ஆகலாம். மகளுக்குப் பதிவு அடுத்த திங்கட்கிழமை! காசை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

அதே நாள் மதியம், மேப்பிள் லீஃபை விற்க ஒரு புல்லியன் கடைக்கு, அதாவது உலோகத்தின் எடைக்கே காசு வாங்கி விற்கும் கடைக்குப் போனேன். நம்பிக்கையே இல்லாமல்தான் போனேன். அங்கே இருந்த சீனப் பெண் ஒரு காந்தத்தைக் காட்டினார் (வெள்ளியைக் காந்தம் இழுக்காது), தராசில் வைத்தார், வெர்னியரால் குறுக்களவும் தடிமனும் பார்த்தார், ஒரு கருவியில் வைத்து உள்ளே வேறு உலோகம் இல்லை என்று உறுதி செய்தார். ரசீது கேட்டார், பெட்டி கேட்கவில்லை. இரண்டு காசில் பால் சிந்தியது போல வெள்ளைப் புள்ளி விழுந்திருந்தது, அதைக் காட்டி நானே பயந்து பயந்து சொன்னேன். மேப்பிள் லீஃபில் இது சகஜம், நாங்கள் எடையைத்தான் வாங்குகிறோம் என்றார். அன்றைய விலையில் உலோகம் சுமார் 108 ரிங்கிட், அவர் கொடுத்தது 110. ஐந்துக்கும் 550 ரிங்கிட் கையில். ஐசி (அடையாள அட்டை) காட்டி கையெழுத்துப் போட்டதோடு சேர்த்துப் பத்து நிமிடம் ஆகியிருக்கும். இரண்டு வாரமாக அலைந்தவனுக்கு அந்தப் பத்து நிமிடம் எவ்வளவு பெரிய ஆறுதல் என்று சொல்லத் தெரியவில்லை.

பெட்டிக் காசு மூன்றையும் எடைக்கே கேட்டேன். கலர் பூச்சு இருப்பதால் மறுபடி விற்க முடியாது, உருக்கத்தான் போகும், ஒன்றுக்கு 95 தருகிறேன் என்றார். கொடுத்துவிட்டேன். 'அரசாங்கம் வெளியிட்டது' என்று ஏஜெண்டு சொன்னதைப் பற்றி அவரிடமே கேட்டேன். நியுவே, டோக்லாவ் போன்ற சின்னச் சின்ன பசிபிக் தீவுகளின் பெயரில், வேறு நாட்டில் அடிக்கப்படும் காசுகள் இப்படி நிறைய வருகின்றன, முகமதிப்பு ஒன்றிரண்டு டாலர் இருக்கும் என்று பொறுமையாக விளக்கினார். சட்டப்படி காசுதான், பொய் இல்லை. ஆனால் அந்த ஒரு சொல்லுக்காக யாரும் கூடுதல் விலை தரமாட்டார்கள்.

அன்று பையில் இன்னொரு முடிச்சும் இருந்தது. பாட்டியின் சுருக்குப் பை. நாமக்கல்லிலிருந்து கப்பலேறி வந்தபோது கொண்டுவந்த ஐந்தாம் ஜார்ஜ் வெள்ளி ரூபாய் ஆறு, அதோடு பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் அடங்கிய பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதியின் 1904ஆம் வருடத்து நீரிணைக் குடியேற்ற டாலர் ஒன்று. பணம் பற்றாமல் போனால் அதையும் கொடுத்துவிடலாம் என்று எடுத்துப் போயிருந்தேன். ரூபாய் ஒவ்வொன்றும் 11.66 கிராம், அதில் வெள்ளி 91.7 சதவிகிதம், ஆக பத்தரை கிராமுக்குக் கொஞ்சம் மேல். டாலரைக் கையில் எடுத்ததும் அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்தது. 26.95 கிராம், பெரிய டாலர். வெள்ளி விலை ஏறி, உலோகத்தின் மதிப்பு முகமதிப்பைத் தாண்டும் நிலை வந்ததால் 1907இல் இதையே 20.21 கிராமாகச் சின்னதாக்கிவிட்டார்களாம். "இதை என்னிடம் எடைக்குப் போடாதீர்கள், காசு சேகரிப்பவர்களிடம் காட்டுங்கள், கழுவ மட்டும் கழுவாதீர்கள்" என்றார். வாங்கி லாபம் பார்த்திருக்கலாம், பார்க்கவில்லை. அந்த நேர்மையை நான் மறக்க மாட்டேன்.

சேகரிப்புக் காசே மோசம் என்று நான் சொல்லவில்லை. அதற்கு வரலாறு தெரிய வேண்டும், தரம் தெரிய வேண்டும், எத்தனை பேர் உண்மையில் தேடுகிறார்கள் என்று தெரிய வேண்டும். அது ஒரு தனித் தொழில். எண்ணிக்கை குறைவு என்பது மட்டும் போதாது, தேடுகிறவர்களும் இருக்க வேண்டும். சேமிக்க நினைத்துப் புதிதாக வருகிறவர்களுக்கு அது முதல் படி இல்லை என்பது என் உறுதியான எண்ணம்.

காசுகளை விற்று வந்தது மொத்தம் 835 ரிங்கிட். மீதியைத் தம்பி கைமாற்றாகக் கொடுத்தான். மகள் திங்கட்கிழமை பதிந்துவிட்டாள்.

புல்லியனிலும் எனக்கு நஷ்டம்தான், காசுக்கு 28 ரிங்கிட். இரண்டு வருடம் போதாது, அவசரத்துக்கு எடுக்கிற பணத்தை இதில் போட்டிருக்கவே கூடாது. 2025 அக்டோபரில் வெள்ளி 50 டாலரைத் தாண்டியபோது கணக்குப் போட்டுப் பார்த்தேன். அவுன்ஸ் கிட்டத்தட்ட 210 ரிங்கிட். நான் விற்ற மேப்பிள் லீஃப் இருந்திருந்தால் நல்ல லாபம். பெட்டிக் காசோ, எடைக்குப் போட்டால் அன்றும் போட்ட 388 வந்திருக்காது.

இப்போது இரண்டு மாதத்துக்கு ஒரு காசு, அதே புல்லியன் கடையில். வாங்கும் விலை கேட்கும்போதே, இதையே இன்று விற்றால் எவ்வளவு என்றும் கேட்டு இரண்டையும் ரசீதின் பின்னால் எழுதி வைக்கிறேன். வீட்டில் வைக்கும் விதத்திலும் ஒரு பாடம் கற்றேன்: மூன்று கேப்சூலைச் சேர்த்து ரப்பர் பேண்டு போட்டிருந்தேன், ஓரங்கள் பழுப்பாகிவிட்டன. ரப்பர் பேண்டில் கந்தகம் இருக்கிறது, கந்தகம் வெள்ளியைக் கறுக்கச் செய்யும். ரப்பர் தோட்டத்தில் பிறந்த எனக்கு இது இப்போதுதான் தெரிகிறது. மெத்தென்ற பிவிசி உறையும் வேண்டாம், நாளாக ஆகப் பிசுபிசுப்பாகிக் காசில் பச்சையாக ஒட்டிக்கொள்ளும்.

போன வாரம் ஆலையில் ஒரு பையன் வெல்வெட் பெட்டிப் படம் போட்ட விளம்பரத்தைக் காட்டி, "அண்ணே, இது வாங்கலாமா?" என்றான். முன்பணம் இன்னும் கட்டவில்லை. எடைமேடையிலிருந்தே அவர்களுக்குப் போன் போடச் சொன்னேன். இன்று வாங்கி நாளையே கொண்டுவந்தால் எவ்வளவு தருவீர்கள் என்று மட்டும் கேட்கச் சொன்னேன். விசாரித்துச் சொல்கிறோம் என்று வைத்துவிட்டார்கள். இதுவரை யாரும் அவனைத் திரும்ப அழைக்கவில்லை.