ஹக்கின்ஸ் அளந்து பார்த்தார்

நான் மதுரையில் லேப் டெக்னீஷியனாக வேலைக்குச் சேர்ந்த காலத்தில் இன்று வழக்கமான பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனை எங்கள் பக்கம் வரவில்லை. ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் புராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய் என்று டாக்டருக்குச் சந்தேகம் வந்தால், அந்தச் சுரப்பியில் உண்டாகும் ஆசிட் பாஸ்பட்டேஸ் என்ற என்சைமை ரத்தத்தில் பார்க்கச் சொல்லி எழுதி அனுப்புவார். கொஞ்சம் பாடுபடுத்தும் பரிசோதனை அது. ரத்தம் வந்ததும் சீரத்தை, அதாவது உறைந்த ரத்தத்திலிருந்து பிரியும் தெளிந்த நீரை, பிரித்துவிட வேண்டும். சீரம் லேசாகச் சிவந்திருந்தால் வேறு ரத்தம் கேட்க வேண்டும்; சிவப்பணுக்குள்ளும் அந்த என்சைம் இருப்பதால் கணக்கு கெட்டுவிடும். சும்மா வெளியே வைத்தாலும் என்சைம் செயலிழந்துவிடும் என்பதால் துளி அசிட்டிக் அமிலம் சேர்ப்போம். அப்புறம் இரண்டு டியூப். ஒன்றில் டார்ட்ரேட் என்ற உப்பு கலந்திருக்கும், அது புராஸ்டேட் என்சைமை அமுக்கிவிடும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் நாங்கள் ரிப்போர்ட்டில் எழுதுவது.

இந்த என்சைமின் அளவை வைத்து ஒரு சிகிச்சையையே நிரூபித்தவர் சார்லஸ் ஹக்கின்ஸ். 1901இல் கனடாவின் ஹாலிஃபாக்ஸில் பிறந்தவர். 1927இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் அறுவை மருத்துவராகச் சேர்ந்தார். சிறுநீரகவியல் பொறுப்பை அவரிடம் கொடுத்தபோது அந்தத் துறையில் அவருக்குத் தனிப் பயிற்சி கிடையாது.

அவர் புற்றுநோயைத் தேடிப் போகவில்லை என்பதுதான் எனக்கு இன்றைக்கும் பெரிய விஷயமாகத் தெரிகிறது. புராஸ்டேட் சுரக்கும் நீரில் என்ன இருக்கிறது, அது எதனால் சுரக்கிறது என்பதுதான் அவருடைய கேள்வி. நாய்களில் அந்தச் சுரப்பை மட்டும் தனியாகச் சேகரிக்க ஒரு அறுவை முறை கண்டுபிடித்து அளந்துகொண்டே வந்தார். விரைகளை நீக்கினால் சுரப்பு நின்றது. ஆண் ஹார்மோன் கொடுத்தால் திரும்ப வந்தது. வயதான நாய்களுக்கு மனிதர்களைப் போலவே புராஸ்டேட்டில் கட்டி வரும். அப்படிப்பட்ட நாய் முதலில் அவருடைய கணக்குக்கு இடைஞ்சலாக இருந்தது. பிறகு அத்தகைய நாய்களையே தேடிப் பிடித்தார். ஹார்மோனை நிறுத்தியதும் அந்தக் கட்டிகள் சுருங்கின.

சரி, மனிதருக்கு? நோய் எலும்புக்குப் பரவியவர்களின் ரத்தத்தில் ஆசிட் பாஸ்பட்டேஸ் கூடும் என்பதை நியூயார்க்கில் அலெக்சாண்டர் குட்மன், எத்தல் குட்மன் தம்பதி 1938இல் காட்டியிருந்தார்கள். ஹக்கின்ஸ் கையில் அளவுகோல் கிடைத்தது. அவரும் கிளாரன்ஸ் ஹாட்ஜஸும் 1941இல் வெளியிட்ட ஆய்வில் விஷயம் பளிச்சென்று தெரிகிறது: விரைகளை நீக்கினாலோ பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் கொடுத்தாலோ அளவு இறங்குகிறது, ஆண் ஹார்மோன் ஊசி போட்டால் ஏறுகிறது. புற்றுநோய் செல் ஒன்றுக்கும் கட்டுப்படாது என்று நம்பிய காலம் அது. உடம்பின் ஹார்மோனை அதுவும் எதிர்பார்த்திருக்கிறது என்று காட்டிவிட்டார்.

அந்த இறக்கத்தை நானே என் கையால் அளந்திருக்கிறேன். முதுகு எலும்பு முழுக்க நோய் பரவி, புரண்டு படுக்க முடியாமல் கிடந்த பெரியவர் ஒருவர் வார்டில் இருந்தார். விரைகளை நீக்கும் அறுவைக்கு முன், பரிசோதனை முடிவில் அவருடைய டியூப் அடர்ந்த சிவப்பாக வந்தது; என்சைம் அதிகம் என்று அர்த்தம். பிறகு வந்த சாம்பிளில் வெளிறிப்போயிருந்தது. நிறத்தின் அடர்த்தியை அளக்கும் கலரிமீட்டரில் முள் நிற்கும் இடத்தைப் பார்த்துவிட்டு வார்டுப் பக்கம் போனேன். அவர் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வலி குறைந்திருப்பதைச் சொல்ல யாரும் தேவைப்படவில்லை. ஆண் ஹார்மோனைக் குறைக்கும் ஊசி மருந்துக்குப் பணமில்லாதவர்களுக்கு அந்தச் சின்ன அறுவை இன்றும் கைகொடுக்கிறது. அதை மட்டமான வைத்தியம் என்று பேசுபவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும்.

ஆனால் பலருக்கும் நோய் திரும்பி வருகிறது. ஹக்கின்ஸும் அதைப் பார்த்தார். சிறுநீரகத்தின் மேல் இருக்கும் அட்ரினல் சுரப்பியிலிருந்தும் ஆண் ஹார்மோன் கிடைக்கிறதே என்று 1940களின் நடுவில் அதையும் நீக்கிப் பார்த்தார். அன்றைக்கு அது பெரிதாகப் பலிக்கவில்லை. 1966இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. 1941 ஆய்வு வெளியாகி 25 ஆண்டுகள் ஆகியிருந்தன. அவருடைய பென் மே ஆய்வுக்கூடத்திலேயே ஷுட்சங் லியாவ், புராஸ்டேட் செல்லுக்குள் ஆண் ஹார்மோனைப் பிடித்துக்கொள்ளும் புரதத்தை 1960களின் கடைசியில் கண்டறிந்தார். அந்தப் புரதத்தையே அடைக்கும் என்சலூட்டமைடு 2012இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அட்ரினல் உட்பட எங்கேயும் ஆண் ஹார்மோன் உருவாகாமல் தடுக்கும் அபிராட்டெரோன் அதற்கு முந்தைய ஆண்டே வந்துவிட்டது. அன்று கத்தியால் செய்து பார்த்ததை இன்று மாத்திரை செய்கிறது.