மருந்துக் கம்பெனியிடம் ஒரு கேள்வி

போன சித்திரையில், அழகர் ஆற்றில் இறங்கிய மறுநாள், செல்லூரில் எங்கள் வீட்டில் மதியம் போன கரண்ட் ராத்திரிதான் வந்தது. ஃபிரிட்ஜைத் திறந்தால் கதவோரம் தண்ணீர் வடிந்து கிடக்கிறது, அம்மாவுக்கு வாங்கி வைத்த புது இன்சுலின் பேனா வெதுவெதுப்பாக இருக்கிறது. திறக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும் என்று அட்டையில் போட்டிருக்கிறதே, இனி இதைப் போடலாமா, தூக்கி எறியணுமா? டாக்டர் போன் எடுக்கவில்லை. சரி என்று அந்தக் கம்பெனியின் ஃபேஸ்புக் பக்கத்தில் கேட்டேன். மூன்று நாள் கழித்து "உங்கள் மருத்துவரை அணுகவும்" என்று ஒரு வரி வந்தது.

எனக்குக் கோபம்தான். பண்டிகைக்குப் பண்டிகை வாழ்த்துப் போடுகிற பக்கம் அது. சர்க்கரை நோயைக் குணமாக்கும் என்று விளம்பரம் செய்ய 1954-ஆம் ஆண்டுச் சட்டம் தடை போட்டிருக்கிறது, நல்ல சட்டம், நான் விளம்பரமும் கேட்கவில்லை. எப்படிப் பத்திரப்படுத்துவது, கடையில் ஸ்டாக் எப்போது வரும், ஊசி போட்ட இடம் தடித்தால் யாரிடம் சொல்வது, இதற்கெல்லாம் விஷயம் தெரிந்த ஒருவர் அன்றைக்கே தமிழில் பதில் சொன்னால் போதும். அதுவும் தனிச் செய்தியில். அம்மாவின் சர்க்கரை அளவை ஊரறிய எழுத எனக்கு மனசில்லை.

பக்கவிளைவு வந்தால் அரசின் 1800-180-3024 எண்ணில் நோயாளியே புகார் சொல்லலாம், காசு கிடையாது. கம்பெனிகள் அதைத் தங்கள் பக்கத்தின் உச்சியிலேயே போட்டு வைக்கட்டும். கரண்ட் போனால் இப்போது அம்மா இன்சுலினை டப்பாவில் மூடி, ஈர மணல்மேல் இருக்கும் மண்பானைக்குள் வைக்கிறார். பக்கத்து வீட்டு அக்கா சொல்லித் தந்தது.