கொள்ளுக்குத் தெரிந்த வித்தியாசம்

“இருபது வருசமா நான் பி குரூப்புங்க. நீங்க இன்னைக்கு வந்து ஏபி-ங்கறீங்க. எதைத்தான் நம்பறது?”

காங்கேயம் பக்கத்திலிருந்து கர்ப்பப்பை ஆபரேஷனுக்காக கோவைக்கு வந்திருந்த அக்கா அவர். கையில் ஒரு பழைய கார்டு. மடித்து மடித்து நாலாகக் கிழியப் போகிற நிலையில் இருந்தது. அதில் ‘பி பாசிட்டிவ்’ என்று பளிச்சென்று எழுதியிருந்தது. நான் ரத்த வங்கியில் டெக்னீஷியன். இப்படிக் கார்டோடு வந்து சண்டை போடுகிறவர்களை எனக்குப் பிடிக்கும். கார்டைத் தொலைத்துவிட்டு, “ஏதோ ஓ-ன்னு சொன்னாங்க” என்று வருகிறவர்களிடம்தான் பயம்.

உள்ளே போய் டியூபில் மறுபடியும் போட்டுப் பார்த்தேன். பி செல்களைக் கட்ட வைக்கும் மஞ்சள் நிற மருந்து ஆன்டி-பி. அதை ஊற்றிச் சுற்றிய டியூபில் செல்கள் ஒரே கட்டியாகப் பிடித்து நின்றன. நீல நிற ஆன்டி-ஏ டியூபை மெல்லத் தட்டினால் கட்டி நாலைந்து துண்டாக உடைந்தது, சுற்றிலும் லேசான கலங்கல். ஏ இருக்கிறது, ஆனால் சோர்ந்து போய் இருக்கிறது. சரி, ஏபி என்றே வைத்துக்கொள்வோம் என்றால் சீரம், அதாவது ரத்தம் உறைந்தபின் மேலே தெளிந்து நிற்கும் நீர், ஒத்துக்கொள்ளவில்லை. எங்களிடமிருந்த ஏ1 செல்களோடு, அதாவது ஏ-யில் வலுவான வகையோடு, அவருடைய சீரத்தைச் சேர்த்தால் பொடிப்பொடியாகக் கட்டியது. ஏபி ஆளின் சீரத்தில் ஏ-வுக்கு எதிரி இருக்கவே கூடாது. செல் ஒன்று சொல்கிறது, சீரம் ஒன்று சொல்கிறது.

இந்த மாதிரி நேரத்துக்கென்றே ஃபிரிட்ஜில் ஒரு சின்னப் பாட்டில் இருக்கும், ஆன்டி-ஏ1 லெக்டின். ஏ1 செல்களை மட்டும் கட்ட வைக்கும் விதைப் புரதம். அதைப் போட்டேன். கட்டவில்லை. அப்புறம் சந்தேகமில்லை, அக்கா ஏ2பி. ஏ-யில் மெலிந்த வகையான ஏ2-வும் பி-யும் சேர்ந்தது.

சிவப்பணுவின் மேல்தோலில் நீட்டிக்கொண்டிருக்கும் சர்க்கரைச் சங்கிலிகள்தான் இந்த குரூப் விஷயம் முழுக்க. சங்கிலியின் நுனியில் ஃபியூகோஸ் என்ற சர்க்கரை உட்கார்ந்தால் அது ‘எச்’. அதன் பக்கத்தில் என்-அசிடைல் கேலக்டோசமைன் சேர்ந்தால் ஏ, கேலக்டோஸ் சேர்ந்தால் பி, எதுவும் சேராவிட்டால் ஓ. ஏ1 ஆளின் ஒரு சிவப்பணுவில் ஏ நுனிகள் சுமார் பத்து லட்சம். ஏ2 ஆளிடம் அதில் கால்வாசிதான். பக்கத்தில் பி-யும் இருந்துவிட்டால் இந்தச் சர்க்கரைகளை ஒட்டும் இரண்டு நொதிகளும் ஒரே எச்-சுக்குப் போட்டி போடும், ஏ2-வின் பங்கு இன்னும் குறையும். அக்காவுக்கு எப்போதோ கண்ணாடிச் சில்லில் ஒரு சொட்டு வைத்து அவசரமாகப் பார்த்திருப்பார்கள், இந்த மெலிந்த ஏ கண்ணில் படாமல் போயிருக்கும்.

இதையெல்லாம் அவரிடம் சொல்ல முடியுமா? “உங்களுக்கு ஏ இருக்குதுங்க்கா, ஆனா கொஞ்சமா இருக்குது” என்றேன்.

“கொஞ்சூண்டு ஏ-ங்களா?”

“ஆமாங்க.”

கொடுக்கப் போகும் ரத்தம் அவர் சீரத்தோடு ஒத்துப்போகிறதா என்று கிராஸ்மேட்ச் பார்த்து, கடைசியில் அவருக்காக எடுத்து வைத்தது இரண்டு யூனிட் பி செல்கள்தான். ஏ1 செல்களை அவர் சீரம் விடாதே. “நாந்தான் அப்பவே சொன்னனுங்கல்ல” என்று ஜெயித்த முகத்தோடு போனார்.

அந்த லெக்டின் பாட்டிலை அதுவரை எத்தனையோ தடவை எடுத்திருப்பேன். அன்றைக்குத்தான் லேபிளின் பொடி எழுத்தைப் படித்தேன். டோலிகோஸ் பைஃப்ளோரஸ். தேடிப் பார்த்தால், அட, நம்ம கொள்ளு! எங்கள் வீட்டில் வாரம் தவறாமல் கடையும் கொள்ளு, அப்புச்சி காளைக்கு வேகவைத்துப் போட்ட கொள்ளு. 1951-இல் பேர்டு என்கிற மருத்துவர் இந்தியாவில் வேலை பார்த்தபோது, கொள்ளுச் சாறு ஏ செல்களை மட்டும் கட்ட வைப்பதைக் கண்டு எழுதியிருக்கிறார். கொள்ளில் உள்ள ஒரு புரதம் அந்த ஏ சர்க்கரையை இறுகப் பிடித்துக்கொள்கிறது. அவ்வளவுதான் சங்கதி.

விடுவேனா? பாட்டி, எங்கள் அமுச்சியின் டப்பாவிலிருந்து ஒரு பிடி அள்ளிக்கொண்டு போனேன். மிக்சியில் பொடித்து, சலைனில் ஊற வைத்து, வடிகட்டி, சென்ட்ரிஃப்யூஜில் சுற்றியதும் மேலே வைக்கோல் நிறத்தில் ஒரு தண்ணீர் நின்றது. லேப் முழுக்கப் பச்சைக் கொள்ளு வாசம். முதல் தடவை போட்டதில் ஏ1 கட்டியது, ஏ2-வும் கட்டியது. முகம் தொங்கிப்போயிற்று. எங்கள் மேடம்தான், “அப்படியேவா ஊத்தினே? தண்ணி ரசமாக்கு கண்ணு” என்றார். சலைன் விட்டு விட்டு நீர்க்க வைத்தேன். ஒரு கட்டத்தில் ஏ2 டியூபைத் தட்டியதும் செல்கள் புகையாகக் கலைந்தன, ஏ1 மட்டும் கல்லாக நின்றது. எண்ணிக்கையில்தான் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் என்பதைப் புத்தகத்தில் படித்தபோது புரிந்ததைவிட அப்போதுதான் புரிந்தது. நோயாளியின் சாம்பிளுக்கு இந்த வீட்டுச் சரக்கைப் பயன்படுத்தக் கூடாது. அதற்கு முறையாகச் சோதித்த பாட்டில்தான் வேண்டும். பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்கு மட்டும் வருடம் ஒருமுறை செய்து காட்டுவேன்.

அமுச்சியிடம் சொன்னபோது, “மாடு திங்கற கொள்ளுக்கு மனுசன் ரத்தம் தெரியுதாக்கும்” என்றவர், உடனே கவலையோடு, “அப்ப நாம திங்கறமே, உள்ள போயி கட்டிக்காதா?” என்றார். நல்ல கேள்வி. நன்றாக வேக வைத்தால் அந்தப் புரதம் செயலிழந்துவிடும் என்றேன். நிம்மதியாகக் கடையப் போய்விட்டார்.

அதே மேடத்திடம் நான் பயிற்சிக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் வாங்கிய திட்டு தனிக்கதை. செல்களைக் கழுவச் சொன்னார். சலைன் என்று நினைத்து டிஸ்டில்டு வாட்டரை ஊற்றிவிட்டேன். சுற்றி எடுத்தால் அடியில் பொட்டாக உட்கார வேண்டிய செல்களைக் காணோம். டியூப் முழுக்க செம்பருத்திச் சாறு மாதிரித் தெளிந்த சிவப்பு. தண்ணீர் உள்ளே புகுந்து அத்தனை செல்களும் வெடித்துவிட்டன. திட்டி முடித்ததும் மேடம் சொன்னது நினைவிருக்கிறது. ஆராய்ச்சிக்காரர்கள் வேண்டுமென்றே இப்படி வெடிக்க வைத்து, ஹீமோகுளோபினைக் கழுவித் தள்ளி, வெளுத்த தோலை மட்டும் எடுப்பார்களாம். அதற்கு ‘கோஸ்ட்’ என்றே பெயர், பேய். சிவப்பணுவுக்கு நியூக்ளியஸ் கிடையாது, உள்ளே வேறு சவ்வு எதுவும் கிடையாது, மேல்தோல் ஒன்றுதான். அதனால்தான் 1925-இல் ஹாலந்தில் கோர்ட்டரும் கிரெண்டலும் சிவப்பணுவை எடுத்துக்கொண்டு, அதன் கொழுப்பை நீர்மேல் பரப்பி அளந்து, செல்லின் தோல் இரண்டு அடுக்கு என்று சொன்னார்கள். அந்தத் தோலுக்கு அடியில் ஸ்பெக்ட்ரின் என்ற புரதம் வலை மாதிரி பின்னியிருக்கிறது. தன்னைவிடக் குறுகிய ரத்தக்குழாயிலும் நசுங்கி நுழைந்து பழைய உருவத்துக்கு வந்து, சுமார் 120 நாள் தாக்குப்பிடிக்க அந்த வலைதான் காரணம். நான் அதைப் பத்து நொடியில் உடைத்திருந்தேன்.

கொள்ளுக்கு மலைமேல் ஒரு பங்காளி உண்டு. ஊட்டியில் மஞ்சள் பூப் பூத்து நிற்கும் முட்புதர், யூலெக்ஸ். வெள்ளைக்காரன் கொண்டுவந்த செடி. அதன் விதைச் சாறு எச்-சைப் பிடிக்கும், அதனால் ஓ செல்கள் அதில் நன்றாகக் கட்டும். ஒரு பிரசவ கேஸில் அது கட்டவில்லை. பார்வைக்கு ஓ, ஆனால் அந்தப் பெண்ணின் சீரம் ஏ, பி செல்களோடு ஓ செல்களையும் கட்டியது. எச்-சே இல்லாத ரத்தம். 1952-இல் பெண்டே என்ற மருத்துவரும் கூட இருந்தவர்களும் பம்பாயில் முதன்முதலாகக் கண்டு சொன்னதால் பாம்பே குரூப். இவர்களுக்குச் சாதாரண ஓ ரத்தம் ஏற்றினால் உயிருக்கே ஆபத்து. அப்பா அம்மா இருவரிடமிருந்தும் அந்தக் குறை வந்து சேர வேண்டும். அவர்கள் வீட்டில் அம்மா, அப்பாவுக்கு அத்தை மகள். கூடப்பிறந்தவர்களுக்கு நாலில் ஒரு வாய்ப்பு என்பதால் அண்ணனை வரச் சொன்னோம். திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை, பஸ்ஸேறி ராத்திரியே வந்தார். அவருக்கும் யூலெக்ஸ் கட்டவில்லை. அன்று அவருடைய ஒரு யூனிட்தான் தங்கைக்குப் போயிற்று.

அதிலிருந்து ஊரைவிட்டுக் கிளம்பும்போதெல்லாம் எங்களுக்கு போன் போட்டுச் சொல்லிவிடுவார். போன மாதமும் கூப்பிட்டார்.

“ரெண்டு நாளு பழனி போறனுங்க. புள்ளைக்கு ஏதாச்சும்னா கூப்புடுங்க, பாதி வழியில இருந்தாலும் எறங்கி வந்தர்றேன்.”