கான்ட்ராக்டர் மாறிய மாதம்: ஒரு ஷிஃப்ட் இன்சார்ஜின் அனுபவம்

வட சென்னை மணலி பக்கம் ஒரு கண்டெய்னர் யார்டில் ஷிஃப்ட் இன்சார்ஜாக இருக்கிறேன். 2024 ஜனவரியில் எங்கள் லேபர் கான்ட்ராக்டர் மாறினார். அதே ஆட்கள், அதே வேலை, சம்பளம் போடுகிறவர் மட்டும் வேறு. சொல்லும்போது சின்ன விஷயம்தான். அந்த ஒரு மாதம் ஷிஃப்டைக் கலையாமல் வைத்திருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். இதே நிலைமையில் மாட்டப்போகும் சூப்பர்வைசர்களுக்காக எழுதுகிறேன்.

நேரமும் சரியில்லை. டிசம்பர் மிக்ஜாம் புயலில் எர்ணாவூர், எண்ணூர்ப் பக்கம் எண்ணெய் கலந்த வெள்ளம் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. எங்கள் ஆட்களில் பலர் அந்தப் பக்கம்தான். மெத்தை, பீரோ எல்லாம் போன கையோடு, "கான்ட்ராக்ட் முடியுதாம், எல்லாரையும் தூக்கப் போறாங்களாம்" என்ற பேச்சு டீக்கடையில் கிளம்பியது.

மேலே கேட்டால், "ஒன்னும் ஆகாதுன்னு சொல்லி வேலைய பாக்கச் சொல்லுங்க" என்றார்கள். நான் சொல்லவில்லை. ஒருத்தருக்கு ஏதாவது ஆகிவிட்டால் அதற்கப்புறம் என் வாயிலிருந்து வரும் எதையும் யாரும் நம்ப மாட்டார்கள். 45 டன் தூக்கும் ரீச் ஸ்டாக்கரில் (கண்டெய்னரைத் தூக்கி அடுக்கும் வண்டி) உட்கார்ந்திருப்பவனுக்கு மனசு வேறெங்கோ இருந்தால் என்ன ஆகும் என்பது யார்டில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். அந்த வாரம் கண்டெய்னரைக் கட்டி அவிழ்க்கும் லாஷிங் ஆள் ஒருவர், அதை டிரெய்லரோடு பூட்டும் ட்விஸ்ட் லாக்கைக் கழற்றாமலே தூக்கச் சொல்லிக் கை காட்டினார். நல்லவேளை, ஆபரேட்டர் பார்த்துவிட்டார்.

டைம் ஆபீஸ் வெளியே ஒரு வெள்ளைப் பலகை மாட்டினேன். உறுதியானதை ஒரு பக்கம், முடிவாகாததை மறுபக்கம் எழுதி, அதற்கு எந்தத் தேதியில் பதில் வரும் என்பதையும் போட்டேன். தேதி வந்தும் பதில் வராவிட்டால் 'இன்னும் வரவில்லை' என்று எழுதினேன். மேலே இருந்தவர்களுக்கு அது பிடிக்கவில்லை. ஒடிசா பையன் ஒருவன் அதையே கீழே இந்தியில் எழுதினான். டீக்கடைப் பேச்சு அடங்கியது அப்புறம்தான்.

உட்கார்ந்து பேசியபோதுதான் தெரிந்தது, வேலையைவிட பி.எஃப். போய்விடுமோ என்ற பயம்தான் பெரிது. "இன்னா ண்ணா, கான்ட்ராக்டர் ஓடிட்டா நம்ம துட்டும் ஓடிடுமா?" என்று ஒருவர் கேட்டார். சிலர் பிரௌசிங் சென்டரில் மொத்தமாக எடுக்க விண்ணப்பம் போடவே கிளம்பிவிட்டார்கள். தடுத்து உட்கார வைத்தேன். யு.ஏ.என். என்கிற பி.எஃப். நிரந்தர எண் மாறாது, பழைய கணக்கைப் புதியதற்கு மாற்றிக்கொள்ளலாம். பென்ஷனுக்கு 10 வருட சர்வீஸ் வேண்டும். பென்ஷன் பணத்தையும் சேர்த்து எடுத்துவிட்டால் அதுவரை சேர்ந்த வருடங்கள் போச்சு. இ.எஸ்.ஐ. எண்ணும் அதேதான், அதிலேயே புதியவர் சேர்க்க வேண்டும். அயனாவரம் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியில் மனைவிக்குப் பிரசவத் தேதி கொடுத்திருந்த பையன் அன்றைக்குத்தான் ஒழுங்காகச் சாப்பிட்டான்.

சிக்கல் இனிஷியலில் வந்தது. ஆதாரில் இனிஷியல் பின்னால், பி.எஃப்.பில் முன்னால். சிலருக்கு அப்பா பெயரே முழுசாக ஒட்டிக்கொண்டிருந்தது. பெயர் ஒத்துப்போகாமல் கணக்கை மாற்ற முடியவில்லை. திருத்த, தொழிலாளியும் கான்ட்ராக்டரும் சேர்ந்து கொடுக்கும் ஜாயின்ட் டிக்ளரேஷன் போட வேண்டியிருந்தது. 2024-ல் தொழிலாளி கொடுத்தால் மட்டும் போதாது, பழைய கான்ட்ராக்டர் தன் லாகினில் ஒப்புதல் தர வேண்டியிருந்தது. உங்களுக்கும் ஒப்புதல் தேவைப்பட்டால் அவர் கடையைக் கட்டுவதற்குள் முடித்துவிடுங்கள். பணி முடிந்த தேதியையும் அவரையே போட வையுங்கள். போடாவிட்டால் கடைசிச் சந்தாவுக்குப் பிறகு 2 மாதம் காத்திருந்துதான் தொழிலாளி தானே போட முடியும்.

அவருடைய ஆபீஸ் மண்ணடியில் ஒரு சந்து. நைட் ஷிஃப்ட் முடித்து, விம்கோ நகரில் மெட்ரோ பிடித்துப் போனால், கிளார்க் தலை நிமிராமல் "மேடம் லீவு" என்றார். மறுமுறை "லெட்டர்ஹெட் தீர்ந்துபோச்சு." அதற்கப்புறம் "புது கான்ட்ராக்டர்கிட்ட கேளுங்க, எங்களுக்கு என்ன?" ஆன்லைனில் ஒப்புதல் கொடுக்க லெட்டர்ஹெட் எதற்கு என்று கேட்டேன். ஃபேனைப் பார்த்தார்.

இனி நடையாக நடப்பதில் பயனில்லை என்று எங்கள் அக்கவுன்ட்ஸில் போய் உட்கார்ந்தேன். கான்ட்ராக்டர் பி.எஃப். கட்டாமல் விட்டால் அவரை அமர்த்திய முதன்மை முதலாளியான எங்கள் கம்பெனி தலையில்தான் விழும், சம்பளமும் அப்படித்தான். இதை எழுத்தில் வைத்ததும் பழையவரின் கடைசி பில் நின்றது. பி.எஃப்., இ.எஸ்.ஐ. சலான், ஆள்வாரிப் பட்டியல், பெயர்த் திருத்த ஒப்புதல் எல்லாம் வந்தால்தான் பணம். அந்த வாரமே கிளார்க் போன் செய்தார். "சார், வேற எதாவது பெண்டிங் இருக்கா சார்?" ஒரு மாதமாக வராத சார் ஒரே போனில் இரண்டு முறை வந்தது.

புது கான்ட்ராக்டர் சேர்த்துக்கொண்டது சுலபமாக முடிந்தது. ஆனால் வயதைக் காரணம் காட்டி இரண்டு பேரை வேண்டாம் என்றுவிட்டார். இது பலகையில் எழுதுகிற சமாச்சாரமில்லை. மற்றவர்களுக்குத் தெரியும் முன்னால் அவர்களைத் தனியாகக் கூப்பிட்டு, "அண்ணே, உங்க பேரு லிஸ்ட்ல இல்ல" என்று நேராகச் சொன்னேன். பெரியவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "கையில எவ்ளோ வரும், அத்த சொல்லு" என்றார்.

கணக்கோடுதான் போயிருந்தேன். ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளம், முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம். 5 வருடம் தாண்டியதால் கிராஜுவிட்டி என்கிற பணிக்கொடையும் உண்டு: அப்போதைய விதிப்படி கடைசி அடிப்படைச் சம்பளத்தையும் பஞ்சப்படியையும் கூட்டி, 15-ஆலும் சர்வீஸ் வருடங்களாலும் பெருக்கி, 26-ஆல் வகுத்தேன். கிராஜுவிட்டியை 30 நாளில் கொடுத்தாக வேண்டும். பெரியவருக்கு முழுசாக வந்துவிட்டது. இன்னொருவருக்கு, நடுவில் சர்வீஸ் விட்டுப்போனது என்று கிராஜுவிட்டியை மட்டும் இழுத்தடிக்கிறார்கள். பழைய வருகைப் பதிவேட்டு நகல்களோடு தொழிலாளர் துறையில் மனு கொடுத்திருக்கிறோம். ரசீது முத்திரையை மட்டும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், அவர்களாகக் கொடுப்பதில்லை.