வெளுத்துப்போன தட்டு
2020 மார்ச் 24 மாலை கொரோனாவால் தமிழ்நாட்டில் 144 தடை உத்தரவு வந்தபோது நீலகிரி மலையிலுள்ள கோத்தகிரியில் எங்கள் வீட்டில் அரிசிக்குக் குறையில்லை. ஏப்ரலில் ரேஷன் கடையில் அரிசி, பருப்பு, சர்க்கரை, எண்ணெய் விலையில்லாமல் தந்தார்கள். 1000 ரூபாயும் கிடைத்தது. பசி இல்லை. ஆனால் தட்டு வெளுத்துப்போனது. சோறு, ரசம், மறுபடியும் சோறு. மீன்காரர் மலையேறி வரவில்லை. பள்ளி மூடியதால் பிள்ளைகளுக்குச் சத்துணவு முட்டையும் நின்றது. அந்த வருத்தம் இன்றும் ஆறவில்லை. பக்கத்துத் தோட்டத்திலோ கேரட் வாங்க ஆளில்லாமல் கிடந்தது!

அம்மாதான் பழைய டப்பாவிலிருந்து ராகி மாவை எடுத்துக் களி கிண்டினார். கொல்லையில் அவரையும் தண்டுக்கீரையும் போட்டார். தேயிலை வருமுன் இந்த மலையில் ராகியும் சாமையும்தானே விளைந்தன என்றார். நேற்று நானும் அவரை விதை ஊன்றினேன்.